தானப்பா கொடுக்காத கடிதம் – ஒரு பழைய டி.வி. கதையும் நம் வீட்டுக் கேள்விகளும்

ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகளைத் தூர்தர்ஷன் 1986, 87ஆம் ஆண்டுகளில் 'மால்குடி டேஸ்' என்ற பெயரில் ஒளிபரப்பியது நம் சங்கத்து மூத்த வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இளையவர்களுக்காகச் சில விவரங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். 1990 செப்டம்பரில் தாவணகெரே அருகே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35தான். படப்பிடிப்பின் பெரும்பகுதி கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் நடந்தது. ஓயாமல் மழை கொட்டும் அந்த மலைக் கிராமத்தில் மழையில்லாத காட்சிகளை எப்படித்தான் எடுத்தார்களோ! தலைப்பில் வரும் சித்திரங்கள் நம் பம்பாய்க்காரரான ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை. இசை எல். வைத்தியநாதன். 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த அதே வைத்தியநாதன்தான், வயலின் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் இருவருக்கும் அண்ணன். அந்தத் தலைப்பு இசையைக் கேட்டால் இன்றும் எங்கள் வீட்டில் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது ஷிமோகா – தாளகுப்பா பாதையில் உள்ள அரசாளு என்ற சின்ன ஸ்டேஷன். அப்போது அது மீட்டர் கேஜ். பாதை பிராட் கேஜ் ஆன பிறகு பயனற்றுக் கிடந்த பழைய ஸ்டேஷன் கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே பழுதுபார்த்து, 2020இல் மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்தது. கற்பனை ஊருக்கு நிஜமான ஸ்டேஷன் கிடைத்திருக்கிறது!

ஆண்டாப் ஹில்லில் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் வீட்டில் கூடி, இந்தத் தொடரில் ஒரு கதையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். பெரும்பாலும் முன்பு சி.ஜி.எஸ். காலனி குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமாக இருந்தவர்கள். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும் இந்த வட்டாரத்தை விட்டுப் போக மனமில்லாதவர்கள். என் மனைவி கணக்குத் துறையில் வேலை பார்த்ததால் எங்களுக்கும் அங்கே வீடு கிடைத்திருந்தது. நான் சிக்னல் பிரிவு. டிப்ளமோ படித்துவிட்டுச் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அதே பிரிவுதான். கதை சுமார் இருபத்திரண்டு நிமிடம். பேச்சு இரண்டு மணி நேரம். போன மாதம் எடுத்துக்கொண்டது 'தி மிஸ்ஸிங் மெயில்'. அன்றைய பேச்சை நம் இதழில் பாடமாக எழுதினால் மற்றக் குடும்பங்களும் பிள்ளைகளோடு பார்த்துப் பேச உதவும் என்று நண்பர்கள் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கதை இதுதான். மால்குடியில் விநாயக முதலி தெருவுக்குத் தபால் கொடுப்பவர் தானப்பா. காலையில் பையோடு கிளம்பினால் ஆபீஸ் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். தூரம் அதிகம் என்பதால் அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, கடிதத்தைப் படித்துக் காட்டி, மகனுக்கு வேலை கிடைத்ததா, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தத் தெருவில் ராமானுஜம் என்ற குமாஸ்தா. அவர் மகள் காமாட்சி பிறந்ததிலிருந்து தானப்பாவுக்குத் தெரியும். அவளுக்கு வரன் குதிரவில்லை என்ற கவலை அப்பாவுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு தபால்காரருக்கும் உண்டு. டில்லியில் இருக்கும் ஒரு பையனைப் பற்றித் தானப்பாவே சொல்லி, ஜாதகம் அனுப்ப வைத்து, போகிற வருகிற கடிதங்களைச் சுமந்து சம்பந்தத்தை முடித்து வைக்கிறார். கல்யாணம் மே 20. அந்தத் தேதி தவறினால் மாப்பிள்ளை பயிற்சிக்குப் போய்விடுவார். மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கிறது. சில நாள் கழித்துத் தானப்பா வந்து ராமானுஜத்திடம் ஒரு தபால் அட்டையையும் ஒரு தந்தியையும் கொடுக்கிறார். சேலத்தில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு உடம்பு மிக மோசம், உடனே வரவும் என்பது அட்டை. அவர் இறந்துவிட்டார் என்பது தந்தி. இரண்டும் கல்யாணச் சமயத்திலேயே வந்துவிட்டன. கொடுத்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று தானப்பா தம் பையிலேயே வைத்துக்கொண்டுவிட்டார். மேலதிகாரியிடம் புகார் கொடுங்கள், என் வேலை போகட்டும் என்கிறார். ராமானுஜம் புகார் கொடுக்கப் போவதில்லை என்கிறார். ஆனால் நீ இதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்ற அளவில் ஒரு வருத்தத்தை மட்டும் சொல்கிறார். அத்தோடு கதை முடிகிறது.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இது நல்ல சந்தர்ப்பம். 'தபால்' என்பதைத் தமிழ்ச் சொல் என்று நம் வீடுகளில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே தபால் ஆபீஸ் வாசலில் மராத்தியில் எழுதியிருப்பதைப் படித்தால் அதுவும் ஏறக்குறைய இதே சொல்லாக இருப்பதைப் பார்க்கலாம். ஊரில் இருந்து நாம் கொண்டு வந்த சொல், நாம் வந்து சேர்ந்த ஊரில் நமக்கு முன்பே இருந்திருக்கிறது. 'தந்தி' என்றால் கம்பி, வீணையின் நரம்பு. கம்பி வழியாக வந்த செய்திக்கும் அதே பெயர் ஆயிற்று. சரியான தமிழ் 'அஞ்சல்'. ஆனால் 'அஞ்சல்காரர் வந்தாரா' என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை.

கதையில் வரும் உறவினர் என்ன முறை என்பதுதான் எங்கள் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி. சேலத்துப் பக்கத்து மாமி ஒருவர் கேட்டார். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் பெரியப்பாவும் அடக்கம், சித்தப்பாவும் அடக்கம், தாய்மாமனும் அடக்கம். நமக்கு அது போதாது. தாய்மாமன் என்றால் தீட்டு மூன்று நாள். பெரியப்பா, சித்தப்பா என்றால் பங்காளி, பத்து நாள். தானப்பா பயந்த பயத்துக்குப் பங்காளியாக இருந்தால்தான் பொருத்தம் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. "சாவுச் சேதி காதில் விழுகிற வரைக்கும் தீட்டே கிடையாது, தெரியுமோ? பத்து நாளுக்குள்ளே தெரிந்தால் மிச்ச நாள் காத்தால் போதும். காப்புக் கட்டின பிறகு சேதி வந்தாலும் கல்யாணம் நிற்காது. அந்தத் தபால்காரன் சாஸ்திரப்படி ஒரு தப்பும் பண்ணவில்லை. சொல்லியிருந்தால்தான் தீட்டு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! தூரத்தில் இருப்பவனுக்குச் செய்தி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில், அறியாமல் செய்த காரியம் கெட்டுவிடக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த வழி அது. நம்மைப் போல ஊரை விட்டுப் போனவர்களுக்காகவே யோசித்தது போல இருக்கிறது.

அடுத்துப் பேசியவர் தபால் இலாகாவில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கதை நடக்கும் காலத்தில் இருந்தது 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபால் ஆபீஸ் சட்டம். அதன் 52ஆம் பிரிவின்படி, கொடுக்க வேண்டிய தபாலைத் தபால் ஊழியர் ஒளித்து வைத்தாலோ அழித்தாலோ வீசி எறிந்தாலோ ஏழு வருடம் வரை சிறை, அதோடு அபராதம். "சார், அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை உண்டு. எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் என்று போட்டிருக்கிறது. திருடத்தான் ஒளிக்க வேண்டும் என்பதில்லை. நல்லது நினைத்து ஒளித்தாலும் அதே ஏழு வருடம்தான்" என்றார். தந்தி இலாகாவுக்கு 1885ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அதிலும் செய்தியை மறைக்கும் ஊழியருக்குத் தண்டனை உண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2024 ஜூன் 18 முதல் புதிய தபால் சட்டம் வந்துவிட்டது. தந்தியோ 2013 ஜூலையோடு முடிந்தே போயிற்று. ஆனால் 'எந்த நோக்கத்துக்காக இருந்தாலும்' என்ற அந்தச் சொற்களை எழுதியவர் தானப்பாவைப் போல ஒருவரை எங்கோ பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தொழிலில் இதே விஷயம் வேறு விதமாக வரும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கோ கேட்மேனுக்கோ முக்கியமான செய்தி சொல்லும்போது 'பிரைவேட் நம்பர்' வாங்குவார். கேட்டவரிடம் இருக்கும் ரகசியத் தாளில் அடுத்த எண் எதுவோ அதை அவர் சொல்ல வேண்டும். இவர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, மெதுவாக வா என்ற உத்தரவை, டிரைவர் பாவம் ஏற்கனவே லேட் என்று நினைத்து ஒருவர் தம் மேஜையிலேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? செய்தியைச் சுமப்பவன் அதை எடை போடக் கூடாது என்பதுதான் ரயில்வேயின் அடிப்படை. இதைச் சொன்னதும் என் மனைவி, "ரயிலுக்குச் சரி. காமாட்சி என்ன கூட்ஸ் வண்டியா?" என்றாள். கூட்டம் அவள் பக்கம்தான்.

நானும் அதை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் கதையை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தானப்பா மறைத்தது ஒன்றல்ல, இரண்டு. நாங்கள் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பேசிக்கொண்டிருந்தோம்.

தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்துவிட்டார். ராமானுஜத்துக்கு அன்றே தெரிந்தாலும் பத்து நாள் கழித்துத் தெரிந்தாலும் இறந்தவர் திரும்பப் போவதில்லை. அழுகை தள்ளிப் போடப்பட்டது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அது வேண்டியிருந்தது என்றால் பெரும்பாலானோர் மன்னிப்பார்கள்.

அட்டை அப்படி இல்லை. அதை எழுதும்போது அவர் உயிரோடு இருந்தார். உடனே வா என்று ஒருவர் கூப்பிட்ட குரல் அது. அந்த அட்டை கையில் கிடைத்திருந்தால் ராமானுஜம் சேலத்துக்கு ரயில் ஏறியிருக்கலாம், முகத்தைப் பார்த்திருக்கலாம், பார்க்க முடியாமலும் போயிருக்கலாம். மகள் கல்யாணத்தை விட்டுப் போவதில்லை என்று தாமே முடிவு செய்துமிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அவர் முடிவு. தானப்பா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த முடிவை. தந்தியை மறைத்ததில் போனது சில நாட்கள். அட்டையை மறைத்ததில் போனதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ராமானுஜத்தின் அந்தக் கடைசி வருத்தம் அட்டைக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988இல் செகந்திராபாத்தில் உள்ள ரயில்வே சிக்னல் பயிற்சி நிலையத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். முடிவில் பரீட்சை, தேறினால்தான் அடுத்த படி. அப்பாவின் அக்கா ஒருவர், எங்கள் திருநெல்வேலி வீட்டில் இருந்தவர். அம்மா இல்லாத பிள்ளைகளான எங்களை வளர்த்தவர். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் படுக்கையில் விழுந்தார். நாலாம் நாள் போய்விட்டார். பரீட்சை முடிந்த மறுநாள் எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. அண்ணா எழுதியிருந்தார்: நீ நன்றாக எழுத வேண்டும் என்றுதான் தந்தி கொடுக்கவில்லை, அத்தையும் அதைத்தான் விரும்பியிருப்பாள். பரீட்சையில் தேறினேன். அண்ணாவோடு சண்டை போடவில்லை. அவர் இருந்த வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனால் அத்தை அந்த நாலு நாளில் என்னைக் கேட்டாளா என்று யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

செகந்திராபாத்திலிருந்து அந்த நாளில் திருநெல்வேலி போவதென்றால் மதராஸில் இறங்கி எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி மாற வேண்டும். போய்ச் சேர இரண்டு இரவு. பம்பாயிலிருந்தும் அதே கதைதான். தாதரில் ஏறிய நம்மில் எத்தனை பேர் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்! தந்திப் பையன் சைக்கிள் மணி அடித்தால் பிளாக்கில் நாலு மாடியிலும் கதவு திறக்கும்; யார் வீட்டுக்கு என்று தெரியும் வரை யாரும் மூச்சு விடமாட்டோம். பாதி நேரம் அது கல்யாண வாழ்த்தாகவோ இண்டர்வியூ அழைப்பாகவோ இருக்கும். இருந்தாலும் பிரிக்கும் கை நடுங்கும். அதனால்தானோ என்னவோ இந்தக் கதை டி.வி.யில் வந்த அன்று எங்கள் காலனியில் அப்படிப் பேசப்பட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு நல்ல மனிதரின் கதை. நமக்கு அப்படி முடிவதில்லை.

கூட்டத்தில் அன்று இளையவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "மாமா, நீங்க எல்லாரும் ராமானுஜத்தைப் பத்தியே பேசறீங்க. இறந்தவர் காமாட்சிக்கும் தாத்தா முறைதானே? அவகிட்ட யாராவது கேட்டாங்களா? மூணு வருஷம் காத்திருக்க அவளுக்குச் சம்மதமா இல்லையான்னு?" சபையில் பதில் இல்லை. நாராயண் அதை எழுதவில்லை என்று நான் சொன்னேன். "அதான் மாமா நானும் சொல்றேன்" என்றாள்.

அவள் தம்பி வேறு பக்கம் போனான். இப்போது இந்தக் கதை நடக்கவே முடியாது, வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், நடுவில் தபால்காரனே இல்லை என்றான். அதற்குச் சேலத்து மாமி சிரித்தார். போன வருடம் அவர்கள் உறவில் ஒரு கல்யாணத்தின்போது மாப்பிள்ளையின் பாட்டிக்கு ஊரில் உடம்பு முடியவில்லையாம். நாலு பேர் சேர்ந்து, மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் இல்லாத புதுக் குரூப் ஒன்று தொடங்கி அதில்தான் செய்தி பரிமாறிக்கொண்டார்களாம். "முன்னே ஒரு தானப்பா. இப்போ குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் தானப்பா" என்றார். அந்தப் பாட்டி பிழைத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு இந்தக் கதையைப் பார்ப்பவர்களுக்கு என் யோசனை: பார்த்து முடித்ததும் தானப்பா செய்தது சரியா தப்பா என்று கேட்காதீர்கள். ஒரு நிமிடத்தில் வாக்கெடுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அட்டை மட்டும் வந்து, தந்தி வராமலே இருந்திருந்தால், உறவினர் பிழைத்திருந்தால், அப்போதும் தானப்பா வந்து ஒப்புக்கொண்டிருப்பாரா என்று கேளுங்கள். புகார் கொடுக்கமாட்டேன் என்ற ராமானுஜம் அடுத்த நாள் தானப்பா தெருவில் வரும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பாரா, உள்ளே போய்விடுவாரா என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. தபால் நண்பர் உட்பட எல்லோரும் உட்கார்ந்திருப்பார் என்றுதான் சொன்னார்கள். முன்பு போலப் பேசுவாரா என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. கடிதம் எழுதிப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம்: சேலத்திலிருந்து வந்த அந்தத் தபால் அட்டையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அட்டையில் இடம் எட்டு, பத்து வரிதான். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்ன சொல்வது, எதை விடுவது என்று அவர்களே திண்டாடட்டும். எங்கள் வீட்டில் பேரன் எழுதியது நாலே வரி. அதில் மூன்றாவது வரி, 'பயப்படாதே, ஆனால் வா'.

அடுத்த மாதம் 'எஞ்சின் டிரபிள்' பார்ப்பதாக ஏற்பாடு. ஒருவருக்கு ரோட் எஞ்சின் பரிசாக விழுந்து, அதை நகர்த்த முடியாமல் கோயில் யானையைக் கூட்டி வரும் கதை. பத்து டன்னுக்குக் குறையாத எஞ்சினை ஒரு யானை இழுக்குமா என்று கணக்குப் போட்டுக் கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பென்சிலும் காகிதமும் போதும், கால்குலேட்டர் கூடாது என்பது நிபந்தனை.